ரேடியோவில் சொன்ன பெயர்

எங்கள் ஊரில் பையன்கள் மறைத்து வைக்கும் முதல் ரகசியம் அம்மாவின் பெயர். சிகரெட்டெல்லாம் அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய அம்மா பெயர் இன்னொருவனுக்குத் தெரிந்துவிட்டால் போச்சு, அன்றோடு அவன் நிம்மதி முடிந்தது. கழிப்பறைச் சுவரில் எழுதுவார்கள், பாட்டுக் கட்டுவார்கள், சண்டை வந்தால் முதலில் வந்து விழுவது அந்தப் பெயர்தான். பேரன் பேத்தி எடுத்தவன்கூட காப்பிக்கடையில் தன் தாயைப் பற்றிப் பேசும்போது 'வீட்டுப் பெரியவங்க' என்றுதான் சொல்வான். இது மரியாதையா பயமா என்று என்னைக் கேட்காதீர்கள். என் அம்மாவின் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு, வஜ்தி தன் தாயின் பெயரை ரேடியோவில் சொன்னான்.

அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நாபலுக்கும் கெலிபியாவுக்கும் நடுவே கடற்கரையோரம் இருக்கிற ஊர் எங்களுடையது. மற்ற ஊர்க்காரர்கள் கால்பந்துக்கு அடித்துக்கொள்வார்கள், நாங்கள் கூடைப்பந்துக்கு. பக்கத்து ஊரோடு ஆட்டம் என்றால் கல்யாண தேதியைக்கூடத் தள்ளி வைப்பார்கள். அப்படி ஓர் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் இந்தப் பையன் எகிறிப் போட்ட பந்து கூடையில் விழுந்து நாங்கள் ஜெயித்தோம். நானும் அதே அணிதான். என் பெயர் முந்தர். பத்து வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தே விளையாடியவன், அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ரேடியோக்காரர் ஓடிவந்து பையன் வாயருகே மைக்கை நீட்டினார். "தம்பி, இந்த வெற்றி யாருக்கு?"

"எங்கம்மா தஹ்பியாவுக்கு," என்றான் மூச்சிரைக்க. "வீட்ல குஸ்குஸ் வேக வெச்சுக்கிட்டுக் கேட்டுட்டிருப்பாங்க. அம்மா, ஜெயிச்சுட்டோம்மா!"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் காலை ஓங்கி மிதித்தேன். மிதித்து என்ன பயன், பெயர் அதற்குள் நாடு பூராவும் போய்விட்டது.

அடுத்த முறை பக்கத்து ஊர் அரங்கத்துக்குப் போனபோது மேளத்தோடு காத்திருந்தார்கள். தஹ்-பி-யா என்று மூன்றாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. அந்தப் பெயரோடு என்னென்ன சேர்த்துப் பாடினார்கள் என்று எழுத எனக்குக் கை வராது. யாரும் தடுக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோ இரண்டு கிடைத்து வஜ்தி கோட்டில் நின்றான். இரண்டும் வெளியே போயின. பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாங்கள் யாரும் அவனிடம் பேசவில்லை. எங்களுக்கும் அம்மா இருந்தார்களே.

தஹ்பியா நெடிய பெண்மணி. அவன் உயரம் அவள் கொடுத்ததுதான். புருஷன் மீன்பிடிப் படகோடு போய்ச் சேர்ந்த பிறகு, ஊருக்கு வெளியே தக்காளி டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கோடையில் அந்தப் பக்கம் போனால் காற்றே சிவப்பாக இருக்கும். எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால் அவள் மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவள் மகன் ஆட்டத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டாள். ஒருநாள்கூட அரங்கத்துக்கு வந்ததில்லை. வரவேண்டாம் என்று அவன்தான் சொல்லிவைத்திருந்தான். கூட்டத்தில் இடிப்பார்கள், சிகரெட் புகை, உட்காரச் சரியான இடமில்லை என்று தினுசு தினுசாகக் காரணம் சொல்வான். அவளும் சரி சரி என்று தலையாட்டுவாள். அந்தப் பாட்டு அவள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் கவலை. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

பிறகு அவன் வாழ்க்கை பஸ்ஸில் கழிந்தது. தலைநகரத்து அணி ஒன்று அவனை வாங்கிக்கொண்டு போனது. சஃபாக்ஸ், கைரவான், கஸ்ரீன் என்று ஓடிக்கொண்டே இருந்தான். அவன் கால் எந்த பஸ்ஸிலும் அடங்காது. கடைசி வரிசையில் குறுக்கே படுத்து முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொள்வான். ஐஸ் உருகி முன்வரிசைக்காரன் செருப்பெல்லாம் நனையும். ரமலான் மாதத்தில் வெறும் வயிற்றோடு பயிற்சி. உடைமாற்றும் அறையில் பேரீச்சம்பழமும் மோரும், பிளாஸ்டிக் கோப்பையில் சூப்பும். அதைக் குடித்த கையோடு ஆட்டம். ஓடினால் வயிற்றில் சூப்பும் கூடவே ஓடும். தேசிய அணி முகாமுக்கு இரண்டு மூன்று கோடையில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசி நாள் காலை, ஹோட்டலில் முட்டையைத் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து நாட்டுக்குப் போய் திரிப்போலியில் பாதிப் பருவம் ஆடினான். துப்பாக்கிச் சத்தம் நெருங்கியதும் ஷூ பையை மட்டும் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்தான். வளைகுடாவில் ஓர் அணி, இவனைவிடக் கொஞ்சம் உயரமான அமெரிக்கன் கிடைத்ததும், இவனுக்கு விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்தது. கூடைப்பந்து வீரன் என்றால் கொடிகட்டிப் பறப்பான் என்று எங்கள் பையன்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது அலுப்பான பிழைப்பு.

ஆனால் போன இடமெல்லாம் ஒன்று மட்டும் மாறவில்லை. உள்நாட்டில் எந்த அரங்கமாக இருந்தாலும் அவன் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தால் மேளம் தொடங்கிவிடும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது, பிறந்த குழந்தைக்கும் தஹ்பியா பெயர் தெரிந்திருந்தது.

அதிலும் கொடுமை, தலைநகரத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் முறை எங்கள் ஊருக்கே ஆட வந்தானே, அன்று நடந்ததுதான். நாங்கள் பாடினோம். நான் பாடவில்லை, எதிரே பெஞ்சில் இருந்தேன். ஆனால் என் ஊர் பாடியது. பக்கத்து ஊர்க்காரன் போட்ட மெட்டு, அவன் சேர்த்த அதே கெட்ட வார்த்தை. அந்த வாய்களில் பாதி தஹ்பியா வீட்டுக் கல்யாணத்தில் கறியும் குஸ்குஸும் தின்ற வாய்கள். வெட்கங்கெட்ட ஜனம். அன்றைக்கு அவன் ஒன்றும் ஆடவில்லை. ஆட்டம் முடிந்து அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனான், என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மீனின் பெரிய துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். பசியோடு வந்திருக்கிறான் என்று வைக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகும் அவன் மோசமாக ஆடிய நாட்களிலெல்லாம் அந்தப் பெரிய துண்டு வந்ததைக் கவனித்திருக்கிறேன்.

ரேடியோவில் பேட்டி என்றால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவான். "ஆண்டவன் கிருபை. கோச்சுக்கு நன்றி. ரசிகர்களுக்கு நன்றி." அவ்வளவுதான். மறுபடி அந்தப் பெயர் அவன் வாயில் வந்ததே இல்லை.

முட்டி தேய்ந்து, முடி கொட்டி, முப்பது தாண்டிச் சில வருஷம் ஆனபின் ஊர் அணிக்கே கேப்டனாகத் திரும்பினான். அப்போது நான் அணி மேலாளர். பஸ் பிடிப்பது, தண்ணீர் வாங்குவது, அனுமதி அட்டை எடுப்பது, எல்லோரிடமும் திட்டு வாங்குவது, இதுதான் என் உத்தியோகம். ஊர் அவனைத் தோளில் தூக்கியது. நன்றாக ஆடினால் முத்தம். பந்தைத் தவறவிட்டால், பழைய பழக்கம், ஒரு மூலையிலிருந்து மேளம். விளையாட்டுக்காகச் செய்கிறார்களாம்.

"கோவம்கூட வரலண்ணே," என்றான் என்னிடம் ஒருநாள், முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே. "முன்னெல்லாம் வரும். இப்ப காது அலுத்துப்போச்சு. எங்கம்மா பேரு நல்ல பேருண்ணே. தங்கம்னு அர்த்தம். அதைக் கேட்டாலே இப்ப காதைப் பொத்திக்கத் தோணுது."

"இந்த வருஷத்தோட நிறுத்திடுடா."

"நிறுத்துறேன். ஒரே ஒரு ஆசைதான். அம்மா ஒரு தடவையாவது நான் ஆடுறதைப் பாக்கணும். இத்தனை வருஷம் இந்தப் பந்தைத்தானே கட்டிட்டு அழுதேன், அது என்னன்னு அவங்களுக்குத் தெரியாமலே முடிஞ்சிடக் கூடாது. ஆனா எங்க கூட்டிட்டு வர்றது? இந்த வாய்ங்களுக்கு முன்னாலயா?"

கட்டுத் துணியை இழுத்துப் பிடித்தேன்.

அந்தப் பருவத்தில் எங்கள் ஊர் அரங்கத்தில் நடக்கும் கடைசி ஆட்டம்தான் அவனுக்கும் கடைசி என்று முடிவாகியிருந்தது. ரசிகர்கள் அவன் முகத்தை வரைந்து மாடி உயரத்துக்குத் துணி தைத்து வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின ஆட்டத்தில் நடுவர் அவனுக்கு ஐந்தாவது ஃபவுல் ஊதி வெளியே அனுப்பினார். ஊதியது சரிதான், நான் பார்த்தேன். ஆனால் அவன் மேலிருந்த பாசம் எங்கள் ஆட்களுக்குத் தலைக்கேறிவிட்டது. தண்ணீர் பாட்டில் பறந்தது, தீப்பந்தம் பறந்தது, கடைசியில் ஒரு நாற்காலியே பறந்தது. தண்டனை வந்தது: அடுத்த ஆட்டம் மூடிய கதவுக்குள். ரசிகர்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை.

ரசிகர் தலைவன் நூரி காப்பிக்கடைக்கு வந்து வஜ்தி முன்னால் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, உனக்காகத்தாண்ணே செஞ்சோம்!"

"தெரியும்டா. எனக்காகத்தான் எல்லாம் செய்றீங்க."

"அந்தத் துணியை என்ன பண்றது?"

"கூடாரம் போட்டு வெச்சுக்கோ, என் மூஞ்சிக்குக் கீழ படுத்துத் தூங்கு."

நூரி அழுதுகொண்டே போனான். வஜ்தி அவன் போகும்வரை காத்திருந்து, மேசைக்கு மேல் குனிந்து என் கையைப் பிடித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"முந்தரண்ணே, அரங்கம் காலி. ஒரு பய வாய் திறக்க மாட்டான். அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

மூடிய ஆட்டத்துக்கு ஆட்டக்காரன், கோச், டாக்டர், தீயணைப்புக்காரன், ரேடியோக்காரன் தவிர யாரும் வரக் கூடாது. தாய்மாருக்கு அட்டை கிடையாது. நான் தஹ்பியாவை டாக்டரின் உதவியாளாக்கினேன். பொய்தான், இருக்கட்டும். டாக்டரின் வெள்ளைக் கோட்டுக் கை அவளுக்கு முழங்கைவரைதான் வந்தது. தலையில் பூப்போட்ட துணி, மடியில் முதலுதவிப் பெட்டி.

"பெரியம்மா, யாராச்சும் கேட்டா நீங்க நர்சு."

"எவனாச்சும் விழுந்தா நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். வாயைத் திறக்காம உக்காந்திருங்க, அது போதும்."

"நான் எப்படா வாயைத் திறந்திருக்கேன்?" என்றாள், வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

காலி அரங்கத்தில் ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆட்டம் மாதிரியே இருக்காது. பந்து தரையில் விழும் சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஷூ கீச்சிடுகிறது. கோச் திட்டுவது எதிரணிக்கும் கேட்கிறது. பெரிய பெரிய ஆட்கள் மூச்சு வாங்குவதைக் கேட்டால் பாவமாக இருக்கிறது. வெளியே கேட்டுக்கு அப்பால் போலீஸ் வண்டிக்குப் பின்னால் நூரியின் கூட்டம் நின்றது. அவர்கள் சத்தம் கடல் பக்கத்துக் காற்றில் வந்து வந்து போனது.

வஜ்தி மெதுவாகத்தான் ஓடினான். பந்தைவிட அம்மாவைத்தான் அதிகம் பார்த்தான். அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விசாரணைக்கு வந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பகுதியில் அவனுக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் நின்றான். பந்தை இரண்டு முறை தட்டினான். பிறகு நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். மேளத்துக்குத்தான் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. வராத மேளத்துக்கு. கை அந்தச் சத்தத்தோடேயே பழகியிருந்தது. அமைதியில் எறிந்த இரண்டும் இரும்பில் பட்டு வெளியே வந்தன. அம்மா பார்க்க வந்த ஒரே நாள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவன் பந்தோடு கூடைக்கடியில் புகுந்தான். எதிரணித் தடியன் முழங்கையை மடக்கி அவன் முகத்தில் இறக்கினான். வஜ்தி மல்லாந்து விழுந்தான். நடுவர் ஊதவில்லை. ஆட்டம் மறுபக்கம் ஓடியது.

பெட்டி தரையில் விழுந்த சத்தம் முதலில் கேட்டது. அடுத்தது அவள் குரல். அத்தனை வருஷத்து எந்திரச் சத்தத்தையும் அடக்கிய குரல்.

"டேய் விசிலு! கண்ணு தெரியுதா இல்லையாடா உனக்கு? எம்புள்ள மூஞ்சிய உடைச்சிருக்கான், நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுற! உன்னைப் பெத்தவளைக் கூட்டிட்டு வாடா இங்க! என்னத்தடா ஊட்டி வளத்தான்னு நானே கேக்குறேன்! அவ பேரு என்னடா? சொல்லுடா அவ பேரை!"

கூரை அதைத் திருப்பிச் சொன்னது. பேரை, பேரை, பேரை.

அரங்கத்தில் யாரும் அசையவில்லை. எதிரணித் தடியன் வாயைப் பொத்திக்கொண்டான். தரையில் கிடந்த வஜ்தியின் தோள் குலுங்கியது. அடி பலம் என்று டாக்டர் ஓடினார். போய்ப் பார்த்தால், மூக்கில் ரத்தம் வழிய அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

நடுவர் வந்தார். நல்ல மனிதர்தான், அவர் முகமும் சிவந்திருந்தது.

"கேப்டன், இந்தம்மா யாரு?"

"நர்சு," என்றேன் நான் முந்திக்கொண்டு.

"எங்கம்மா," என்றான் வஜ்தி.

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே மூக்கு. "வெளியே," என்றார் கையை நீட்டி. "அவங்க வெளியே போகணும்."

வஜ்தி எழுந்து மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி என் கையில் வைத்தான். கோச்சைப் பார்த்தான். கோச் தலையை ஆட்டி வேறொருவனை உள்ளே அனுப்பினார். இவன் அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே நடந்தான். மாடி உயரத் துணி இல்லை, மாலை இல்லை, கைதட்ட ஆளில்லை. அவனுடைய கூடைப்பந்து வாழ்க்கை அப்படித்தான் முடிந்தது.

உடைமாற்றும் அறைக்குப் போகிற வழியில் ஒரு நீண்ட பெஞ்ச் உண்டு. இருவரும் உட்கார்ந்தார்கள். நான் பஞ்சு எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் கோட்டின் ஓரத்தாலேயே அவன் மூக்கைத் துடைத்தாள்.

"அம்மா, உங்களுக்கு இப்படியெல்லாம் பேச வருமா?"

"இதென்ன பேச்சு? இதைவிட மோசமால்லாம் என்னைப் பேசியிருக்காங்களே."

வஜ்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு?"

"யாரா? ரேடியோல கேக்காமயா இருக்கும்? நீ ஆடுன ஒரு ஆட்டம் விட்டதில்ல நான். அடுப்பைக் குறைச்சு வெச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்துடுவேன். உன் பேரைவிட என் பேருதான் நிறையத் தடவை வரும்." அவள் பஞ்சை என்னிடமிருந்து வாங்கிக் கிழித்தாள். "நம்மூர்க்காரனுங்க பாடுனாங்களே, அதுல ரெண்டு குரல் நம்ம தெருதான். யாரு யாருன்னு எனக்குத் தெரியும். பெருநாளைக்கு வந்தானுங்க, கறி போட்டேன், தின்னுட்டுப் போனானுங்க."

"ஏம்மா சொல்லல?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு நீ நிம்மதியா இருந்தே. அதை ஏன் கெடுப்பானேன்?"

அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். இத்தனை வருஷம் அவன் கதவுக்கு வெளியே காவல் நின்றிருக்கிறான், திருடன் முதல் நாளே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை. களைப்பு என்றால் என்ன என்று அன்று அந்த முகத்தில் பார்த்தேன்.

"அத்தனை அசிங்கத்தையும் கேட்டுட்டு, அப்புறமும் எதுக்கும்மா ரேடியோவைப் போட்டீங்க? அணைச்சிருக்கலாமே."

அவள் பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"மொதத் தடவை நீ சொன்னியே. 'எங்கம்மா தஹ்பியாவுக்கு'ன்னு. குஸ்குஸ் பானையை அப்படியே போட்டுட்டுத் தெருவுக்கு ஓடினேன் அன்னைக்கு. இன்னொரு தடவை சொல்லுவியோன்னுதான். நீ பாட்டுக்குக் கோச்சுக்கு நன்றி, ரசிகருக்கு நன்றின்னுட்டுப் போயிடுவே."

உள்ளே மணி அடித்தது. ஆட்டம் முடிந்துவிட்டது. தோற்றோமா ஜெயித்தோமா என்று அந்த பெஞ்சில் யாரும் கேட்கவில்லை. ரேடியோவிலிருந்து ஒரு சின்னப் பெண் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அன்று முதல் முறை கேட்ட மனிதர் மண்ணுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. இவள் குழந்தையாக இருந்ததிலிருந்தே அவன் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவளாம்.

"வஜ்தியண்ணே, நேரலை போயிட்டிருக்கு. இத்தனை வருஷம் ஆடியிருக்கீங்க. இதெல்லாம் யாருக்குன்னு சொல்லுவீங்க?"

அவன் மைக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இந்த முறை நான் என் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எங்கம்மாவுக்கு," என்றான். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான், மேளக்காரர்களெல்லாம் கேட்கட்டும் என்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக. "எங்கம்மா தஹ்பியாவுக்கு."

கேட்டுக்கு வெளியே நூரியின் ஆட்கள் போனில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அங்கே திடீரென்று சத்தம் அடங்கியது. ஒருவனும் பாடவில்லை.

தஹ்பியா தலையில் கட்டிய துணியை இழுத்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். மகனின் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"நான் வீட்ல இல்லாத நாளாப் பாத்துத்தான் சொல்லுவியாடா? ரேடியோவை அணைச்சுட்டுல்ல வந்திருக்கேன்!"